யாழ்ப்பாணத்து உச்சி வானில் வந்த காமாக் கதிர் வெடிப்பு: கண்ணுக்குத் தெரியாததை எப்படி அளந்தார்கள்?

2022 ஒக்ரோபர் 9, ஞாயிற்றுக்கிழமை. புரட்டாசிப் பூரணை, போயா விடுமுறை. யாழ்ப்பாணத்தில் சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கிழக்கே நிலா ஏறிக்கொண்டிருக்க, திருவோண நட்சத்திரம் ஏறத்தாழ நேர் உச்சியில் நின்றது. திருவோணத்திலிருந்து வடமேற்குப் பக்கமாக, கையை நீட்டிப் பொத்திப் பிடித்தால் ஒன்றரை முட்டி தள்ளி ஒரு புள்ளி. மாலை 6.47க்கு அந்தப் புள்ளியிலிருந்து ஒரு காமாக் கதிர் வெடிப்பு வந்து சேர்ந்தது. மனிதர் இதுவரை பதிந்தவற்றில் அதுதான் மிகப் பிரகாசமானது. நல்லூர் வீதியில் அப்போது அண்ணாந்து பார்த்தவர்களுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

அந்த வெடிப்பைப் பற்றியும், 2025 ஜூலையில் ஏழு மணி நேரத்துக்கு மேல் நீடித்த இன்னொன்றைப் பற்றியும் வாசித்தவர்கள் சில இடங்களில் குழம்பிப்போவது இயல்பு. ஒரு செய்தி 190 கோடி ஒளியாண்டு என்கிறது, இன்னொன்று 240 கோடி என்கிறது. "பூமியைத் தாக்கியது" என்று தலைப்பு வருகிறது. பக்கத்தில் நீலமும் வெள்ளையுமாக ஒரு படம் இருக்கும். பெரும்பாலும் அது ஓவியர் வரைந்தது. குழப்பம் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். காமாக் கதிர் வெடிப்பை யாரும் படம் பிடிப்பதில்லை, எண்ணுகிறார்கள். செய்தியில் வரும் பெரிய எண்கள் அந்த எண்ணிக்கையோடு ஒன்றிரண்டு ஊகங்களைச் சேர்த்துக் கணித்தவை. எந்த எண்ணில் எந்த ஊகம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் செய்தியை நிதானமாக வாசிக்கலாம்.

முதலில் நாலு சொற்கள்

1. காமாக் கதிர்: ஒளிதான், ஆனால் சக்தி மிகக் கூடிய ஒளி. நாம் காணும் ஒளியின் ஒரு போட்டனுக்கு, அதாவது ஒளியின் ஒரு சிறு பொட்டலத்துக்கு, 2 முதல் 3 இலத்திரன்வோல்ட் (மிகச் சிறிய சக்தி அலகு) சக்தி. ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயில் அது பல பத்தாயிரம். காமா வெடிப்பை அளக்கும் கருவிகள் சில ஆயிரம் இலத்திரன்வோல்ட்டில் தொடங்கிச் சில கோடி வரை எண்ணுகின்றன.

2. வெடிப்பு: வானத்தின் ஒரு புள்ளியிலிருந்து திடீரென்று காமாக் கதிர் கொட்டி அடங்குவது. ஒரு செக்கனுக்குள்ளும் முடியலாம், பல நிமிடங்களும் நீளலாம்.

3. பின்னொளிர்வு: காமா அடங்கிய பிறகு அதே இடத்தில் எக்ஸ்ரேயாகவும் சாதாரண ஒளியாகவும் வானொலி அலையாகவும் நாட்கணக்கில் மங்கிக்கொண்டு போகும் வெளிச்சம்.

4. பெயர்: ஜிஆர்பி 221009ஏ என்றால் 22ஆம் ஆண்டு, 10ஆம் மாதம், 09ஆம் திகதி, அன்றைய முதலாவது வெடிப்பு. பெயரைப் பார்த்தே நாளைச் சொல்லிவிடலாம்.

தலைக்கு மேலே வந்தும் ஏன் தெரியவில்லை?

வளிமண்டலம் தடுத்துவிட்டது. நமக்கு மேலே இருக்கும் காற்று முழுவதையும் திரட்டினால் அதன் பாரம் பத்து மீற்றர் ஆழத் தண்ணீருக்குச் சமம். நிறைந்த கிணறு ஒன்றின் அடியில் நிற்பதுபோலத்தான் நாம் இருக்கிறோம். வெடிப்புகளில் வரும் வழமையான காமாக் கதிர் நிலத்துக்கு வருமுன்னரே காற்றில் மோதிக் கரைந்துவிடும். காமாத் தொலைகாட்டிகளைச் செய்மதியில் ஏற்றி அனுப்புவதற்கு இதுவே காரணம்.

ஆனால் வளிமண்டலத்தின் மேல்தட்டுக்கு அது சுவடில்லாமல் போன சம்பவமல்ல. அயன்மண்டலத்தில் சில மணி நேரம் குழப்பம் பதிவானது. இந்தியாவில் மின்னலைக் கண்டறிய வைத்திருந்த கருவிகளும் அதை உணர்ந்தன. "தாக்கியது" என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் இருந்தால் அது இவ்வளவுதான்.

கண்டுபிடிப்பது என்றால் எண்ணுவது

தொலைகாட்டி என்றதும் குழாயும் கண்ணாடியும் நினைவுக்கு வரும். காமாக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி வளைத்துக் குவிக்காது, ஊடுருவிப் போய்விடும். ஆகவே கருவியே வேறு மாதிரி.

நாசாவின் பேர்மி செய்மதி 2008 ஜூன் 11 ஏவப்பட்டது. அதிலுள்ள ஜிபிஎம் என்ற கருவியில் சோடியம் அயடைட்டுப் பளிங்குகள் 12, பிஸ்மத் ஜேர்மனேற்றுப் பளிங்குகள் 2. ஒவ்வொரு சோடியம் அயடைட்டுப் பளிங்கும் 12.7 சென்ரிமீற்றர் அகலம், 1.27 சென்ரிமீற்றர் தடிப்பு. தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கும் சோசர் அளவு என்று நினைத்துக்கொள்ளலாம். ஒரு காமாப் போட்டன் உள்ளே புகுந்தால் பளிங்கு ஒரு கணம் மினுங்கும். பின்னால் பொருத்திய குழாய் அந்த மினுக்கத்தை மின்துடிப்பாக மாற்றும். மினுக்கம் பெரிதென்றால் வந்த போட்டனின் சக்தியும் பெரிது. ஒவ்வொரு துடிப்புக்கும் நேரத்தை ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு நுணுக்கத்தில் குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான் மூலத் தரவு: எந்தப் பளிங்கு, எந்த நேரம், எவ்வளவு சக்தி. படம் என்று எதுவும் இல்லை.

சிக்கல் என்னவென்றால் வெடிப்பு இல்லாத நேரத்திலும் பளிங்குகள் மினுங்கிக்கொண்டேதான் இருக்கும். விண்வெளியில் பொதுவாகப் பரந்திருக்கும் கதிர், பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய துணிக்கைகள் எல்லாம் வந்து மோதும். இதைப் பின்னணி என்கிறார்கள். பின்னணியிலிருந்து வெடிப்பைப் பிரிப்பது எப்படி?

ஒரு பளிங்கில் செக்கனுக்குச் சராசரியாக 900 துடிப்பு என்று வையுங்கள். தற்செயலாக வருபவை ஒவ்வொரு செக்கனும் சரியாக 900 வரமாட்டா. சராசரியின் வர்க்கமூலம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு மேலும் கீழும் ஆடும். 900க்கு அது 30. ஆகவே 870 வந்தாலும் 930 வந்தாலும் பொருட்டில்லை. 1035 வந்தால்? அது வழமையான ஆட்டத்தின் நாலரை மடங்கு. குறைந்தது இரண்டு பளிங்குகள் ஒரே நேரத்தில் இந்த நாலரை மடங்கைத் தாண்டினால் செய்மதியிலுள்ள கணினி "வெடிப்பு" என்று முடிவெடுத்து நிலத்துக்குத் தகவல் அனுப்பும். ஏன் இரண்டு? ஒரு பளிங்கு மட்டும் துள்ளினால் அந்தப் பளிங்கிலேயே ஏதாவது கோளாறாக இருக்கலாம்.

ஒப்பிடும் கால இடைவெளியும் முக்கியம். 16 மில்லிசெக்கனில் தொடங்கி 8 செக்கன் வரை பல இடைவெளிகளில் கணினி சோதித்துக்கொண்டிருக்கும். சுருக்கென்று வந்து மறையும் வெடிப்பு சிறிய இடைவெளியில் பிடிபடும். மெல்ல எழுவது பெரிய இடைவெளியில். எட்டுச் செக்கனுக்கும் மெதுவாக எழுவதற்கு இந்த விதி அவ்வளவாகப் பொருந்தாது. கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

இப்படி ஜிபிஎம் ஆண்டுக்கு ஏறத்தாழ 240 வெடிப்புகளைக் கண்டுபிடித்து வந்திருக்கிறது. இந்தியாவின் அஸ்ட்ரோசாற் செய்மதியும் இந்த வேலையைச் செய்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து நேர் வடக்கே சுமார் 450 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் சிறீகரிகோட்டாவிலிருந்து அது 2015 செப்ரெம்பர் 28 ஏவப்பட்டது. 2022இன் அந்த வெடிப்பு அஸ்ட்ரோசாற்றிலும் பதிவானது.

எந்தத் திசை?

ஏதோ வந்தது என்று தெரிந்தால் போதாது. இடம் தெரிந்தால்தான் மற்றத் தொலைகாட்டிகளை அங்கே திருப்பலாம். மூன்று வழிகள் இருக்கின்றன.

1. முகம் பார்த்து. ஒடியல் காயப்போடுபவர்களுக்கு இது தெரிந்ததுதான். சூரியனுக்கு நேரே முகம் கொடுத்த சுளகில் வெயில் கூடுதலாக விழும், சரித்து வைத்ததில் குறைவாக விழும். ஜிபிஎம்மின் 12 பளிங்குகளும் வெவ்வேறு திசை பார்த்திருக்கின்றன. எதில் எத்தனை துடிப்பு என்ற விகிதத்திலிருந்து வெடிப்பின் திசையைக் கணிக்கலாம். ஆனால் பிழை சில பாகை வரை போகும். பூரணை நிலாவின் அகலமே அரைப் பாகைதான். சில பாகை என்றால் நூற்றுக்கணக்கான நிலாக்கள் கொள்ளும் பரப்பு. அதற்குள் பெரிய தொலைகாட்டியால் தேட முடியாது.

2. நிழல் பார்த்து. இது எனக்கு மிகவும் பிடித்த வழி. கிடுகுவேலிக்குப் பின்னால் காலைச் சூரியன் எழும்போது முற்றத்து மணலில் விழும் வெளிச்சப் பொட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். சூரியன் ஏற ஏறப் பொட்டுகள் எல்லாம் சேர்ந்தாற்போல வேலியை நோக்கி நகரும். வேலியில் எங்கெங்கே இடைவெளி என்று மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர், அண்ணாந்து பார்க்காமல், மணலிலுள்ள பொட்டுகளை மட்டும் பார்த்தே சூரியன் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம். 2004 நவம்பர் 20 ஏவிய ஸ்விப்ட் செய்மதி இதைத்தான் செய்கிறது. வேலிக்குப் பதிலாக, ஒரு தட்டில் ஏறத்தாழ 54,000 ஈயத் துண்டுகள். ஒவ்வொன்றும் 5 மில்லிமீற்றர் சதுரம், 1 மில்லிமீற்றர் தடிப்பு. வேண்டுமென்றே ஒழுங்கில்லாமல் பதித்திருக்கிறார்கள். ஒழுங்காகப் பதித்தால் நிழல் ஓர் இடம் நகர்ந்தாலும் பழையபடியே தோன்றும், திசையைப் பிரித்தறிய முடியாது. தட்டிலிருந்து ஒரு மீற்றர் கீழே, மணலுக்குப் பதிலாக, 32,768 சிறு உணரிகள். எந்த உணரி நிழலில் இருக்கிறது, எதில் கதிர் விழுகிறது என்று பார்த்துக் கணினி திசையைக் கணிக்கும். பிழை ஒரு பாகையின் அறுபதில் சில பங்குதான். பிறகு ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் செய்மதி தானாகவே திரும்பி, தன் எக்ஸ்ரேத் தொலைகாட்டியால் அந்த இடத்தை இன்னும் நுணுக்கமாகக் குறிக்கும்.

3. நேரம் பார்த்து. கோயில் மணி அடித்தால் மேற்கு வீதியில் நிற்பவருக்கு ஒரு கணத்தில் கேட்கும். அதைவிட 340 மீற்றர் தள்ளி நிற்பவருக்கு ஒரு செக்கன் பிந்திக் கேட்கும். பல இடங்களில் கேட்ட நேரத்தைச் சேர்த்தால் மணி எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கலாம். ஒளிக்கும் அதே கணக்கு. விண்ட் என்ற செய்மதி பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி, சூரியன் பக்கமாக இருக்கிறது. ஒளி அவ்வளவு தூரம் கடக்க 5 செக்கன் ஆகும். விண்டிலுள்ள ரஷ்யக் கருவியான கோனஸ் எப்போது எண்ணியது, பூமிக்கு அருகிலுள்ளவை எப்போது எண்ணின என்ற வித்தியாசத்திலிருந்து திசை கிடைக்கும்.

2022இல் நடந்தது இந்த மூன்றும் எவ்வளவு அவசியம் என்று காட்டியது. பேர்மி 6.47க்கே எண்ணிவிட்டது. ஸ்விப்ட்டின் பார்வைக்கு அந்த இடம் அகப்பட்டது 53 நிமிடம் கழித்து, யாழ்ப்பாண நேரம் 7.40க்கு. அப்போது அது கண்டது வெடிப்பையல்ல, பின்னொளிர்வை. அதுவே வழமைக்கு மீறிப் பிரகாசமாக இருந்தது. இடமும் பால்வீதியின் தளத்துக்கு அருகில். ஆகவே நம்முடைய நட்சத்திரக் கூட்டத்துக்குள்ளேயே எதோ ஒன்று பொங்கியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். பேர்மியின் பதிவோடு நேரத்தையும் இடத்தையும் ஒப்பிட்ட பிறகே இரண்டும் ஒன்று என்று தெளிவானது.

எவ்வளவு நேரம்?

மழை எவ்வளவு நேரம் பெய்தது என்று கேட்டால் முதல் தூறலிலிருந்து கடைசித் துளி வரை சொல்வதா? அது எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. முற்றத்தில் வாளி வைத்து, மொத்தத் தண்ணீரில் நூற்றுக்கு 5 பங்கு சேர்ந்த கணத்திலிருந்து 95 பங்கு சேர்ந்த கணம் வரை என்று வைத்தால் எல்லோருக்கும் ஒரே விடை வரும். வெடிப்பின் காலத்தையும் இப்படித்தான், துடிப்புகளை எண்ணி அளக்கிறார்கள். இதற்கு ரி90 என்று பெயர்.

2 செக்கனுக்குக் குறைந்தவை குறுவெடிப்பு, கூடியவை நீள்வெடிப்பு. பொதுவாக, குறுவெடிப்பு இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் (இறந்த பெரும் விண்மீன்களின் மிக அடர்ந்த எச்சங்கள்) மோதுவதால் வருகிறது. 2017 ஓகஸ்ட் 17இல் ஈர்ப்பலைக் கருவிகள் அப்படியொரு மோதலை உணர, 1.7 செக்கன் கழித்து பேர்மி ஒரு குறுவெடிப்பை எண்ணியது. நீள்வெடிப்பு பெரும் விண்மீன் ஒன்று தன்பாரத்தில் இடிந்து கருந்துளையாகும்போது வருகிறது. "பொதுவாக" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2021 டிசம்பர் 11இல் வந்த வெடிப்பு ஒரு நிமிடத்துக்குக் கிட்ட நீடித்தும், அதன் பின்னொளிர்வில் மோதலின் அடையாளம் தெரிந்தது. ஆகவே இரண்டு செக்கன் கோட்டை மட்டும் வைத்து எதனால் வந்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

எண்ணி முடியாத கூட்டம்

அன்று 6.47க்கு வந்தது சிறிய முன்துடிப்புத்தான். பிறகு ஏறத்தாழ மூன்று நிமிடம் பெரிதாக எதுவும் இல்லை. 6.51ஐ நெருங்கும்போது பிரதான வெடிப்பு வந்தது. வந்ததும் பேர்மியின் கருவிகள் திணறிப்போயின.

நல்லூர்த் தேரன்று ஒரு வாசலில் நின்று உள்ளே போகிறவர்களை எண்ணுகிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொருவராக வந்தால் பிழை வராது. கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு புகுந்தால் இரண்டு விதமாகப் பிழைப்பீர்கள். ஒருவரைக் குறித்துக்கொண்டு நிமிர்வதற்குள் இரண்டு மூன்று பேர் கடந்துவிடுவார்கள். தோளோடு தோள் ஒட்டி வந்த இருவரை ஒரு பருத்த ஆள் என்று எழுதிவிடுவீர்கள். பளிங்குக்கும் இதே நிலைதான். ஒரு துடிப்பைப் பதியும் சிறு நேரத்துக்கு அடுத்ததைக் கவனிக்க முடியாது. இரண்டு போட்டன்கள் ஒன்றாகப் புகுந்தால், இரண்டின் சக்தியும் கூடிய ஒரே போட்டனாகப் பதிவாகும். முதலாவது எண்ணிக்கையைக் குறைக்கிறது. இரண்டாவது சக்தியைக் கூட்டிக் காட்டுகிறது. இரண்டாவது பிழை திருத்தக் கடினமானது.

ஜிபிஎம் பதிவில் ஏறத்தாழ ஒரு நிமிடம் இப்படிக் கெட்டுப்போனது. வருத்தம் என்னவென்றால் உச்சமும் அந்த நிமிடத்துக்குள்தான். சிறப்பு இயக்க முறையில் இருந்த சீனாவின் ஜீகாம்-சி கருவி நிரம்பி வழியாமல் எண்ணியது. கோனஸின் பதிவும் திருத்தத்துக்கு உதவியது. உச்சப் பிரகாசத்துக்கு வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு எண் சொல்வதற்கு இந்த ஒரு நிமிடமே பெரிய காரணம்.

தூரமும் சக்தியும்

செய்திகளில் மயக்கம் தரும் எண்கள் இங்கேதான் பிறக்கின்றன. படிப்படியாகப் பார்க்கலாம்.

1. வந்து விழுந்தது எவ்வளவு? எண்ணிய போட்டன்களின் சக்தியைக் கூட்டி, கருவி தவறவிட்டதைத் திருத்தினால், பூமிக்கு அருகே ஒரு சதுர மீற்றரில் மொத்தமாக விழுந்தது ஏறத்தாழ 0.2 மில்லிஜூல். அன்று கிழக்கே ஏறிய அதே பூரணை நிலா உச்சிக்கு வந்ததும், ஒரு சதுர மீற்றர் முற்றத்தில் அவ்வளவு சக்தியைக் கொட்டப் பத்தில் ஒரு செக்கன் போதும். மிகப் பிரகாசமான வெடிப்பு என்பதன் அளவு நம் வாசலில் இவ்வளவுதான். இந்த எண் நேரடி அளவீடு. இதில் ஊகம் மிகக் குறைவு.

2. எவ்வளவு தூரம்? காமாக் கதிரில் தூரம் எழுதியிருக்காது. முதல் வெடிப்பை 1967 ஜூலை 2இல் பதிந்தவை அமெரிக்காவின் வேலாச் செய்மதிகள். விண்வெளியில் யாராவது அணுகுண்டைப் பரிசோதிக்கிறார்களா என்று உளவு பார்க்க அனுப்பியவை. 1973இல்தான் விடயம் வெளியே வந்தது. அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு, இவை பக்கத்தில் நடப்பவையா, பிரபஞ்சத்தின் எல்லையில் நடப்பவையா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். 1997 பெப்ரவரி 28இல் பெப்போசாக்ஸ் செய்மதி முதல் பின்னொளிர்வைக் கண்ட பிறகே வழி திறந்தது. பின்னொளிர்வின் நிறமாலையைப் பிரித்தால், வெடித்த இடத்திலுள்ள வாயுக்கள் உறிஞ்சிய கோடுகள் தெரியும். பிரபஞ்சம் விரிவதால் அந்தக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். சோடியம் தெருவிளக்கின் மஞ்சள் 589 நானோமீற்றரில் இருக்கிறது. இந்த நகர்வின் அளவான செந்நகர்ச்சி 0.151 என்றால், அலைநீளம் 1.151 மடங்காகி, அது 678இல், ஆழ்ந்த சிவப்பில் தெரியும். 2022 வெடிப்புக்கு சிலியிலுள்ள பெருந்தொலைகாட்டி அளந்த செந்நகர்ச்சி அந்த 0.151தான்.

இனி 190ஆ 240ஆ என்ற கேள்வி. ஒளி பயணித்த காலம் ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகள். அந்தப் பயணத்தின்போது இடமே விரிந்துகொண்டிருந்ததால், வெளிச்சம் எவ்வளவு மங்கியது என்ற கணக்குக்கு எடுக்கும் தூரம் அதைவிடக் கூடுதல்: ஏறத்தாழ 240 கோடி ஒளியாண்டு. இரண்டும் சரி. எது எதற்கு என்று எழுதாமல் விட்டதுதான் குறை.

3. வெளியேறியது எவ்வளவு? 240 கோடி ஒளியாண்டை ஆரையாகக் கொண்ட ஒரு பெரிய கோளத்தைக் கற்பனை செய்யுங்கள். அதன் பரப்பில் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 0.2 மில்லிஜூல் விழுந்திருந்தால் மொத்தம் ஏறத்தாழ 1க்குப் பின்னால் 48 பூச்சியம் போட்ட அளவு ஜூல். நமது சூரியன் ஆயிரம் கோடி ஆண்டு ஆயுளில் வெளிவிடும் முழுச் சக்தியைப்போல ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு.

4. ஊகம் எங்கே? எல்லாத் திசையிலும் சமமாகப் பரவியது என்பதில். பருத்தித்துறை வெளிச்சவீட்டின் கற்றை நேரே கண்ணில் படும்போது, அது எல்லாப் பக்கமும் அதே வீச்சில் எரிகிறது என்று நினைத்துக் கணக்குப் போட்டால் விளக்குக்கு எவ்வளவு பெரிய மின்சாரம் தேவைப்படும்! உண்மையில் சிறிய விளக்கு, ஒடுங்கிய கற்றை. காமா வெடிப்பும் இரு எதிர்ப்பக்கமும் பாயும் ஒடுங்கிய கற்றைதான். கற்றையின் அகலத்தை எப்படி அறிவது? பின்னொளிர்வு மங்கும் வேகம் திடீரென்று மாறும் இடத்திலிருந்து. சீனாவில் 4,410 மீற்றர் உயரத்திலுள்ள லாசோ நிலையம், போட்டனுக்கு 20,000 கோடி இலத்திரன்வோல்ட்டுக்கு மேற்பட்ட கதிரில் இந்த மாற்றத்தைக் கண்டது. அவ்வளவு சக்தியுள்ளது காற்றில் மோதும்போது துணிக்கைகள் மழையாகக் கொட்டும். அந்த மழையை உயர்ந்த நிலத்திலிருந்தே எண்ணலாம். லாசோ அப்படி 64,000க்கு மேல் எண்ணியது. அதன்படி கற்றையின் நடுவிலிருந்து விளிம்பு வரை 0.8 பாகைதான். இரண்டு கற்றைகளும் சேர்ந்து வானத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை மட்டும் நிரப்புகின்றன. ஆகவே மேலே சொன்ன பத்தாயிரம் மடங்கைப் பத்தாயிரத்தால் வகுத்துவிட வேண்டும். மிஞ்சுவது ஏறத்தாழ ஒரு சூரியனின் ஆயுட்காலச் சக்தி.

அதே அளவீடு, அதே தூரம், ஆனால் விடையில் பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். கற்றையின் விளிம்பு அவ்வளவு கூர்மையானதல்ல, வெளியே போகப் போக மெல்ல மங்குவது என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் சக்தி கூடும். "பிரபஞ்சத்திலேயே மிகச் சக்திவாய்ந்தது" என்ற வரியை வாசிக்கும்போது, சமமாகப் பரவியதாகக் கொண்ட சக்தியா, கற்றைக்குத் திருத்திய சக்தியா என்று பாருங்கள். பெரும்பாலும் முதலாவதாகத்தான் இருக்கும்.

இப்படியொரு வெடிப்பு "பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை" வருவது என்று செய்திகள் சொன்னது வேறு வகை எண். இது பூமியிலிருந்து பார்க்கும்போதுள்ள பிரகாசத்தைப் பற்றியது. அரை நூற்றாண்டாக எண்ணிய வெடிப்புகளில் பிரகாசம் கூடக்கூட எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்று பார்த்து, அந்தக் கோட்டை நீட்டிப் பெற்ற மதிப்பீடு. முன்னைய சாதனையைவிட 70 மடங்கு பிரகாசம் என்பதால்தான் கோட்டை அவ்வளவு தூரம் நீட்ட வேண்டி வந்தது.

ஏழு மணி நேர வெடிப்பு: விதியின் ஓட்டை

2025 ஜூலை 2. வேலாச் செய்மதிகள் முதல் வெடிப்பைப் பதிந்து சரியாக 58 ஆண்டுகள். பேர்மியின் கணினி அன்று சில மணி நேர இடைவெளியில் மூன்று தடவை "வெடிப்பு" என்று அறிவித்தது. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பெயரும் கிடைத்தது: 250702பி, 250702டி, 250702இ. பார்த்தால் மூன்றும் வானத்தில் ஒரே இடம்.

சாதாரண வெடிப்பு ஒருமுறைதான் வரும். விண்மீன் இடிந்தால் இடிந்ததுதான், மறுபடி இடியாது. ஆகவே இதுவும் முதலில் நம் பால்வீதிக்குள் இருக்கும் எதோ ஒன்று என்ற சந்தேகம் எழுந்தது. பெருந்தொலைகாட்டியும் ஹபிளும் பார்த்து, இன்னொரு நட்சத்திரக் கூட்டத்தில்தான் நடந்தது என்று உறுதிசெய்தன. பிறகு தூரமும் கிடைத்தது: ஒளி பயணித்த காலம் ஏறத்தாழ 800 கோடி ஆண்டுகள்.

இதில் எண்ணும் முறையின் எல்லை நன்றாகத் தெரிகிறது. பேர்மி ஏறத்தாழ 95 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. ஏழு மணி நேரத்தில் நாலு தடவைக்கு மேல் சுற்றிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் பின்னணி ஏறி இறங்கும். இடையிடையே பூமியே குறுக்கே வந்து மறைக்கும். முந்திய சில செக்கன்களோடு ஒப்பிட்டு முடிவெடுக்கும் கணினிக்கு, மெதுவாக எழுந்து மணிக்கணக்கில் நிற்கும் ஒன்று பின்னணியைப்போலவே தோன்றும். இடையில் வந்த கூர்மையான எழுச்சிகள்தான் மூன்று அறிவிப்புகளாகப் பிடிபட்டன. சீனாவின் ஐன்ஸ்டைன் புரோப் செய்மதி அதே இடத்தில் ஒரு நாள் முன்னரே எக்ஸ்ரே இருந்ததைப் பதிவுகளில் கண்டது. பூமியின் மறைப்பு இல்லாத தூரத்தில் இருக்கும் கோனஸ் உட்படப் பல கருவிகளின் எண்ணிக்கையை ஒன்றாக அடுக்கிய பிறகே ஏழு மணி நேரம் என்ற காலம் கிடைத்தது.

எதனால் வந்தது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்து நிற்கவில்லை. நடுத்தரப் பாரமுள்ள கருந்துளை ஒன்று விண்மீனைக் கிழித்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. ஐதரசன் உறையை இழந்த விண்மீன் ஒன்றுக்குள் சிறிய கருந்துளை விழுந்து, உள்ளிருந்தே அதைத் தின்றிருக்கலாம் என்பது இன்னொன்று. டி, இ என்ற பெயர்கள் வழக்கொழிந்து, அது இப்போது 250702பி என்ற ஒரே பெயரில் அழைக்கப்படுகிறது.